ஆறு இரவல், நான்கு சொந்தம்

பேராக் ஆற்றங்கரையில் ஒரு மெட்டுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் கொல்லப்பட்டார். அதற்கு உடந்தை என்று குற்றம் சாட்டப்பட்ட சுல்தான் அப்துல்லா 1877-ல் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தத் தீவில் அரச குடும்பத்தார் காதில் விழுந்த ஒரு பிரெஞ்சு மெட்டே பின்னாளில் பேராக்கின் மாநில கீதமானது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதே மெட்டு பங்சாவான் நாடக மேடையில் ‘தெராங் புலான்’ என்ற நிலாப் பாட்டாக ஒலித்தது. குரோன்சோங் குழுக்கள் அதைக் காதல் பாட்டாக்கிக் கொஞ்சின. 1947-ல் ஃபீலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாய் இசைக்குழு ‘மமுலா மூன்’ என்று பெயர் சூட்டி, நடனக் கூடத்துக்கான இசைத்தட்டாக வெளியிட்டது. பத்தாண்டுகள் கழித்து மலாயா விடுதலைக்குத் தயாரானபோது தேசிய கீதத்துக்கு உலகளாவிய போட்டி நடந்தது. 514 பாட்டுகள் வந்தும் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் பேராக்கின் மெட்டே ‘நெகாராகூ’ ஆனது.

மெட்டு ஒன்றுதான். அரசவையில் அது வணக்கம், மேடையில் ஏக்கம், நடனக் கூடத்தில் உல்லாசம், பள்ளி வளாகத்தில் விறைத்து நிற்கும் மரியாதை. வேகம் மாறியது, தாளம் மாறியது, வாத்தியம் மாறியது. ஒவ்வொரு முறையும் கேட்டவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். பாசிர் சாலாக்கிலிருந்து கீழிறங்கி, தெலுக் இந்தானைச் சுற்றி வளைந்து, பாகான் டத்தோவில் கடலைத் தொடும் இந்த ஆற்றோரத்துக்காரர்களுக்கு ஜாஸ் இசையின் உயிர்நாடியை விளக்க வெகுதூரம் போக வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்த, எவரும் எடுத்து வாசிக்கத் தக்க மெட்டை ஜாஸ் உலகம் ‘ஸ்டாண்டர்டு’ என்கிறது. பெரும்பாலும் அவை நாடகத்துக்கோ சினிமாவுக்கோ எழுதப்பட்டவை. 1930-ல் ஜானி கிரீன் மெட்டமைத்த ‘பாடி அண்ட் சோல்’ பாட்டை 1939 அக்டோபர் 11 அன்று சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் பதிவு செய்தார். மூன்று நிமிட இசைத்தட்டு. தொடக்கத்தில் மெட்டைக் கொஞ்சம் காட்டுகிறார், அவ்வளவுதான். பிறகு மெட்டின் அடியில் ஓடும் ஸ்வரக்கட்டுகளை (கார்டுகளை) பிடித்துக்கொண்டு முழுக்கத் தன் கற்பனையில் நடக்கிறார். மெட்டு சொல்லப்படாமலே ஒலித்துக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் கேட்பவர் மனத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. 1960-ல் ஜான் கோல்ட்ரேன், ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் விரித்தார். தம்பூரா சுருதி போல இரண்டே ஸ்வரக்கட்டுகள் மாறி மாறி ஒலிக்க, சோப்ரானோ சாக்ஸபோன் அதன்மேல் சுழல்கிறது. ராக ஆலாபனையில் ஊறிய காதுக்கு அந்தப் பதிவு அந்நியமாகவே இருக்காது.

கீர்த்தனையும் இப்படித்தானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். தியாகராஜரின் ஒரு கீர்த்தனையை நூறு வித்வான்கள் பாடினாலும், சங்கதியிலும் நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் ஆளுக்கொரு முகம் தெரிகிறது. ஆனால் அங்கே ராகமும் தாளமும் சாகித்தியமும் வேலி. ஜாஸ் கலைஞனுக்கு அந்த வேலி கிடையாது. தாளத்தையே மாற்றலாம், ஸ்வரக்கட்டுகளைப் பிரித்து வேறு போடலாம், மெட்டில் பாதியை விட்டுவிடலாம். இத்தனை உரிமை கிடைத்தபின் எதை விடாமல் வைத்துக்கொள்கிறான் என்பதில்தான் அவன் ரசனை தெரிகிறது.

அந்த ரசனையை ஒரே அமர்வில் காட்டும் இசைத்தொகுப்பு ஒன்று தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது. பியானோ கலைஞர் விஜய் ஐயரின் ‘ஹிஸ்டாரிசிட்டி’. 2009-ல் ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் வெளியிட்டது. அந்த ஆண்டு வில்லேஜ் வாய்ஸ் இதழ் நடத்திய ஜாஸ் விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது, பிறகு கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பத்து உருப்படிகள். அவற்றில் ஆறு பிறருடையவை, நான்கு அவருடையவை.

விஜய் ஐயர் 1971-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவிலிருந்து குடியேறிய தமிழர்கள். மூன்று வயதில் மேற்கத்திய வயலின் கற்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் பயின்றார். பியானோவை மட்டும் யாரிடமும் முறையாகப் பயிலாமல், காதால் கேட்டுக் கையால் தடவித் தானே பிடித்துக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, இயற்பியல் ஆய்வுக்கென்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர், பாதி வழியில் திசை மாறி, ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசைகளில் உடலும் தாள உணர்வும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய்ந்து 1998-ல் முனைவர் பட்டம் பெற்றார். 2013-ல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். இந்தப் படிப்பெல்லாம் அவர் விரல்களைக் கனமாக்கிவிடவில்லை என்பது பெரிய விஷயம். கணக்குத் தெரிந்த பலரது இசை கணக்காகவே நின்றுவிடுகிறது. ஐயர் கணக்கைப் போட்டு முடித்து, அதைத் தொடைக்கும் தோளுக்கும் ஒப்படைத்துவிடுகிறார்.

கூட வாசிப்பவர்கள் இருவர். பாஸ் வாசிப்பவர் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் மார்க்கஸ் கில்மோர். மூவர் மட்டுமே கொண்ட பியானோக் குழு ஜாஸில் பழைய அமைப்பு. வழக்கமாகப் பியானோ பேசும், மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். இந்தத் தொகுப்பில் அப்படி இல்லை. பல இடங்களில் பியானோ பக்கவாத்தியம் ஆகிவிடுகிறது. இடக்கை ஒரே ஸ்வரக்கட்டை விடாமல் இடித்துக்கொண்டிருக்க, டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் போல முன்னால் வந்து நிற்கிறது. பாஸ் கீழே உருண்டுகொண்டே மெட்டின் பாதியைச் சொல்லிவிட்டுப் போகிறது.

ஸ்டாண்டர்டுகளும் சொந்த இசையும் கலந்த தொகுப்பு ஜாஸில் நூற்றுக்கணக்கில் உண்டு. கித்தார் கலைஞர்களிடம் இது கிட்டத்தட்டச் சடங்கு. ஜான் மக்லாக்லினை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர், விக்கு விநாயக்ராமோடும் எல். சங்கரோடும் ‘சக்தி’ குழுவைக் கட்டியவர். அவரே 1994-ல் கோல்ட்ரேனின் டிரம்ஸ் கலைஞரான எல்வின் ஜோன்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்து ‘ஆஃப்டர் த ரெயின்’ தொகுப்பைப் பதிவு செய்தார். பெரும்பாலும் கோல்ட்ரேனோடு சேர்ந்துவிட்ட பழைய மெட்டுகள், நடுவே தன்னுடைய இரண்டு. அழகான தொகுப்புதான். ஆனால் சொந்த உருப்படிகள் பெரியவர்கள் சபையில் ஓரமாக உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி அடங்கி இருக்கின்றன. ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல் கேட்டால் எது இரவல், எது சொந்தம் என்று பிரிப்பது கஷ்டம். இரவல் வாங்கியதைத் தன் பட்டறையில் அக்கக்காகப் பிரித்துத் திரும்பக் கோத்திருக்கிறார்.

தமிழ் வாசகர் முதலில் கேட்க வேண்டியது மூன்றாவது உருப்படி, ‘கலாங்’.

அது மாதங்கி அருள்பிரகாசத்தின் பாட்டு. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, கொஞ்ச காலம் மதராஸில் இருந்து, போர் துரத்த 1986-ல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். ரோலண்ட் எம்.சி. 505 என்ற சிறிய தாள இயந்திரத்தை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டினார். ‘கலாங்’ 2003-ல் ஐந்நூறு இசைத்தட்டுகளாக மட்டும் வெளிவந்து, நடன விடுதிகளில் பற்றிக்கொண்டது. 2005-ல் வந்த அவருடைய முதல் தொகுப்புக்கு, தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே சூட்டினார்.

மூலப் பாட்டில் மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இயந்திரத்தின் முரட்டுத் தாளம், அதன்மேல் ஏறக்குறைய பேச்சாகவே ஓடும் குரல், கடைசியில் சொல்லே இல்லாத ஒரு கூட்டுக் கூவல். ஜாஸ்காரர்கள் வழக்கமாகத் தேடும் செழிப்பான ஸ்வரக்கட்டுகள் அதில் இல்லை. வேறு எவராவது தொட்டிருந்தால் அங்கே ஜாஸ் ஸ்வரங்களைத் தூவி அலங்கரித்திருப்பார்கள், பாட்டு செத்துப்போயிருக்கும். ஐயர் அலங்கரிக்கவில்லை. கில்மோர் அந்த இயந்திரத் தாளத்தைக் கையும் காலுமாக அடிக்கிறார். அடி ஒவ்வொன்றும் இயந்திரம் வைத்த இடத்தில்தான் விழுகிறது, ஆனால் மனித உடம்பின் மூச்சு அதில் ஏறியிருக்கிறது. பியானோ தன் கீழ்க்கட்டையில் அடர்த்தியாக முட்டுகிறது. மேலே குரலின் வெட்டுப் பேச்சை வலக்கை துண்டு துண்டாகப் போடுகிறது. இறுதியில் அந்தக் கூட்டுக் கூவல் வருகிறபோது கட்டைகள் அகல விரிந்து, கூட்டமே எழுந்து நின்றது போல முழங்குகிறது. மூன்று நிமிடம் ஆவதற்குள் முடிந்துவிடுகிறது. தனி வாசிப்பு என்று எவரும் நீட்டி முழக்குவதில்லை.

இந்தத் தேர்வில் ஒரு துணிச்சல் இருக்கிறது. அமெரிக்க நாடக மேடைப் பாட்டுகள் ஸ்டாண்டர்டு ஆனதற்குக் காரணம், ஒரு காலத்தில் எல்லோரும் அவற்றை முணுமுணுத்தார்கள் என்பதுதான். அப்படியானால் புலம்பெயர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் லண்டன் குடியிருப்பில் இயந்திரத்தை வைத்துக் கட்டிய பாட்டு மட்டும் ஏன் ஆகக் கூடாது? ஐயரின் பதில் உருப்படிகளின் வரிசையிலேயே இருக்கிறது. லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் ‘சம்வேர்’ முடிந்த கையோடு ‘கலாங்’கை வைத்துவிட்டார். 1957-ல் வந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ நாடகத்தின் அந்தப் பாட்டும், போக ஓர் இடம் தேடுகிறவர்களின் பாட்டுதான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததே ஒரு விமர்சனக் கட்டுரைக்குச் சமம்.

‘சம்வேர்’ பற்றி ஒரு சிறு குறை. மூலத்தில் முதல் இரண்டு ஸ்வரங்களுக்கிடையே ஒரு பெரிய தாவல் இருக்கிறது. நம் கணக்கில் ஸட்ஜத்திலிருந்து மேலே கைசிகி நிஷாதத்துக்கு ஒரே எட்டு. ஏக்கம் முழுவதும் அந்த எட்டில்தான். ஐயரின் கையில் தாளம் அத்தனை சுறுசுறுப்பாக அடியில் புரள்வதால், அந்தத் தாவலுக்கு வேண்டிய அமைதி கிடைப்பதில்லை. கெட்டிக்காரத்தனம் உணர்ச்சியை ஓர் அங்குலம் முந்திவிட்டது. இத்தொகுப்பில் இப்படித் தோன்றுவது இந்த ஓர் இடத்தில்தான்.

கணக்கும் சுகமும் கைகோத்து நிற்பது எட்டாவது உருப்படியில். ‘மிஸ்டிக் ப்ரூ’ 1972-ல் ஆர்கன் கலைஞர் ரோனி ஃபாஸ்டர் இசையமைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து ‘எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்’ என்ற ஹிப்ஹாப் குழு அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சுழல விட்டு, தன் புகழ்பெற்ற பாட்டொன்றை அதன்மேல் கட்டியது. ஆக, ஜாஸிலிருந்து ஹிப்ஹாப்புக்குப் போன மெட்டு, அங்கிருந்து திரும்ப ஜாஸுக்கு வருகிறது. வரும்போது ஐயர் அதன் கால அளவில் கை வைக்கிறார்.

எப்படி என்பதை 2009-ல் கார்டியன் நாளிதழில் அவரே விளக்கி எழுதினார். மெட்டின் ஒவ்வொரு சுற்றும் ஒரு நீளமான பகுதியாகவும் ஒரு குட்டையான பகுதியாகவும் பிரிகிறது. அந்தப் பிரிவை ஃபிபனாச்சி எண்களால் அளக்கிறார்கள். 1, 2, 3, 5, 8, 13, 21 என்று, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் எண்வரிசை. 5-ஐ 3-ஆல் வகுத்தால் ஒன்றரைக்குச் சற்று மேல், 8-ஐ 5-ஆல் வகுத்தால் 1.6, 13-ஐ 8-ஆல் வகுத்தால் 1.625. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலும் நீளத்துக்கும் குட்டைக்கும் உள்ள விகிதம் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால் சுற்றின் அளவு மாறியும் காதுக்கு அதே நடை தொடர்வதாகவே படுகிறது. தாளம் போட முயன்றால் கை தடுமாறும், தலை மட்டும் தடுமாறாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த எண்வரிசைக்கு இத்தாலியர் ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது, அவர் நூல் 1202-ல் வந்தது. ஆனால் இந்தியாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும், அவருக்கும் முன்பே விரகாங்கரும், யாப்பில் அசைகளை எண்ணும்போது இதே வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். தமிழ் இலக்கணம் படித்த எவரும் ஒரு காகிதத்தில் சரிபார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? நான்கு குறில். முதலில் நெடில், பிறகு இரண்டு குறில். குறில், நெடில், குறில். இரண்டு குறில், பிறகு நெடில். இரண்டு நெடில். ஆக ஐந்து விதம். மூன்று மாத்திரைக்கு மூன்று விதம், ஐந்து மாத்திரைக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. வகுப்பறையில் மாத்திரை எண்ணிப் பழகிய பிள்ளைக்கு ‘மிஸ்டிக் ப்ரூ’வின் கணக்குப் பாதி தெரிந்ததுதான்.

ஐந்தாவது உருப்படியான ‘ஸ்மோக் ஸ்டாக்’ வேறு வகையில் மனத்தைத் தொடுகிறது. ஆண்ட்ரூ ஹில் 1963 டிசம்பரில் பதிவு செய்த இசை அது. 2007-ல் மறைந்த ஹில், ஐயர் தலைமேல் வைத்துப் போற்றும் முன்னோடி. மூலப் பதிவில் இரண்டு பாஸ் வாத்தியங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடும், நடுவே பியானோ வழி கண்டுபிடித்துப் போகும். அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் ராய் ஹேன்ஸ். ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் வாசிக்கும் மார்க்கஸ் கில்மோர் அவருடைய பேரன்.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாத்தா வாசித்த அதே உருப்படியைப் பேரன் எடுக்கும்போது என்ன செய்வான்? இசைவேளாளர் குடும்பங்களில் இந்தக் கேள்வி தலைமுறை தலைமுறையாக வருவது. மாயூரத்திலும் திருவாரூரிலும் பேரன் தவில் எடுத்தால், முதல் வரிசையில் இருப்பவர் தாத்தாவின் சொற்கட்டைத்தான் முதலில் தேடுவார். ராய் ஹேன்ஸின் அடி மொறுமொறுவென்று உலர்ந்து, பொரிந்து விழும். கில்மோரிடம் அந்தப் பொரிவு இருக்கிறது, குறிப்பாகக் குச்சி சிறிய டிரம்மின் தோலில் படும் விதத்தில். ஆனால் அடிகளை அடுக்கும் முறை முற்றிலும் இந்தத் தலைமுறையுடையது. ஒரு கை ஒரு வேகத்தில் போக, மறுகை இன்னொரு வேகத்தைக் கட்டி இழுக்கிறது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பதைப் போல ஜாஸ் பாடம் வேறு கிடையாது. ஹேன்ஸ் தொண்ணூற்றொன்பது வயதுவரை வாழ்ந்து 2024-ல் மறைந்தார்.

ஏழாவதாக வரும் ‘டோகான் ஏ.டி.’ தொகுப்பின் சிகரம். சாக்ஸபோன் கலைஞர் ஜூலியஸ் ஹெம்ஃபில் 1972-ல் செயிண்ட் லூயிஸ் நகரில் பதிவு செய்து, தன் சொந்தச் சிறு நிறுவனத்தில் வெளியிட்டது. பெயரில் இருப்பது மாலி நாட்டின் டோகான் மக்கள். மூலத்தில் செல்லோ வாத்தியம் ஒரு கரடுமுரடான வரியைத் திரும்பத் திரும்ப அறுத்துக்கொண்டிருக்கும். தாளம் பதினொன்று. திஸ்ர ஜாதி துருவ தாளத்துக்கும், மிஸ்ர ஜாதி திரிபுடைக்கும் அட்சரம் பதினொன்றுதான் என்பதால் கர்நாடக இசை ரசிகர் மிரள வேண்டாம். ஆனால் இங்கே யாரும் அங்கம் பிரித்துக் காட்டுவதில்லை. நீல இசை எனப்படும் ப்ளூஸின் சேற்றில் கால் புதைந்த நடை அது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு தட்டுக் குறைந்த மாதிரி இருக்கும், உடம்பு முன்னால் தள்ளப்படும். செல்லோவின் வேலையைக் கிரம்ப்பின் பாஸும் ஐயரின் இடக்கையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பல நிமிடங்கள் அந்த வரி மாறாமல் போகிறது. மாறாத அந்த வரிமேல் வலக்கை எழுப்பும் அலை ஏறி, உடைந்து, மறுபடி ஏறுகிறது.

கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுகம் புதிதல்ல. வளைந்த குச்சி தோலில் தேய்ந்து எழுப்பும் அந்த உறுமல் நின்று நிதானமாக ஒரே வட்டத்தில் போகும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஐந்தாவது நிமிடத்தில் உடம்பு தன்னால் அசையும். ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கம் தைப்பூசத்துக்குக் காவடியோடு போகும் உறுமி இளைஞர்கள் ‘டோகான் ஏ.டி.’யைக் கேட்டால், மேலே நடக்கும் பியானோ வேலை பிடிபடாமல் போகலாம். அடியில் என்ன நடக்கிறது என்பதை எந்த விமர்சகனைவிடவும் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள்.

ஸ்டீவி வொண்டரின் ‘பிக் பிரதர்’ 1972-ல் வந்த ‘டாக்கிங் புக்’ தொகுப்பிலிருந்து எடுத்தது. ஏழைகளின் குடியிருப்பிலிருந்து ஆட்சியைப் பார்த்துப் பேசும் பாட்டு. ஐயர் அதன் இனிமையைக் குறைக்காமல் சற்று நெருடலைக் கூட்டியிருக்கிறார்.

சொந்த உருப்படிகள் நான்கில் தலைப்பு இசைதான் கனமானது. தொகுப்பின் கதவே அதுதான். திறந்தவுடன் மூன்று வாத்தியங்களும் மூன்று வெவ்வேறு வேகத்தில் ஓடுவது போல இருக்கும். மூன்று காலத்தில் பல்லவி பாடக் கேட்டவர்களுக்குத்தான் இங்கே சாதகம். அடியில் ஒரு நாடித்துடிப்பு எல்லாவற்றையும் கட்டிப்போட்டிருப்பது சீக்கிரமே புலப்படும். ‘டிரைடென்ட்: 2010’ அவரே 2001-ல் ‘பனாப்டிக் மோட்ஸ்’ தொகுப்பில் பதிவு செய்த உருப்படியின் மறுவார்ப்பு. பிறருடைய பழைய இசைக்குச் செய்ததையே தன்னுடைய பழைய இசைக்கும் செய்திருக்கிறார் என்பது நேர்மையான காரியம். ‘ஹீலிக்ஸ்’ இடையில் வந்து போகிறது. கடைசியாக வரும் மெதுவான உருப்படியில் கட்டைகளைத் தொட்டும் தொடாமலும் வாசிக்கிறார்.

கித்தாரும் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஐயரிடமே இன்னொரு வாசல் உண்டு. 2011-ல் வந்த ‘தீர்த்தா’. அதில் அவரோடு கித்தார் வாசிப்பவர் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா. ராணிப்பேட்டைக்காரரான பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். அதற்கும் முன்பே வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடம் கர்நாடக இசை பயின்று, மின்கித்தாரில் முழுக் கச்சேரி செய்தவர். கித்தாரின் உலோகப் படிகள் கமகத்துக்கு எதிரி. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அவை விடா. பிரசன்னா ஒரே தந்தியை விரலால் இழுத்தும் தளர்த்தியும், படிமேல் சறுக்கியும் தோடிக்கு வேண்டிய அசைவைக் கொண்டுவருகிறார். 2006-ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு வணக்கமாக அவர் செய்த ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ தொகுப்பில் தென்னிந்தியத் தாள வாத்தியங்கள் கித்தாரின் இரைச்சலோடு மோதுவதைக் கேட்கலாம். ‘தீர்த்தா’வில் அந்த மோதல் இல்லை. மூவரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசிக்கிறார்கள். எல்லாமே அவர்களுடைய சொந்த இசை. இரவல் இல்லாததால், ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் கிடைக்கும் அந்த அடையாளம் காணும் சுகம் இதில் கிடைக்காது. பதிலுக்கு வேறொரு நிதானம் கிடைக்கிறது.

தெரிந்த பாட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டும் இந்தக் கலை பேராக்குக்கு அந்நியமும் அல்ல. ஈப்போவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த பால் பொன்னுதுரை, ஒரு கித்தாரையும் தன் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஊரறிந்த பாட்டுகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டிப் பாடினார். அவர் பாடினால் பாட்டின் பெயர் தெரிய ஒரு நிமிடம் ஆகும், தெரிந்த பிறகு மூலத்தைப் பழையபடி கேட்க முடியாது. 2012-ல் மறைந்துவிட்டார். ஜாஸ்காரர் என்று அவர் தன்னை அடைத்துக்கொள்ளவில்லை. செய்தது என்னவோ ஸ்டாண்டர்டு வாசிக்கும் கலைஞன் செய்கிற வேலையைத்தான்.

மலாய் இசையிலும் வழி இருக்கிறது. பினாங்கில் பிறந்த பி. ரம்லியின் மெட்டுகளில் லத்தீன் தாளமும் ஜாஸ் ஸ்வரக்கட்டும் ஊறிக் கிடக்கின்றன. 1990-ல் ஷீலா மஜீத் ‘லெகெண்டா’ தொகுப்பில் அவற்றை எடுத்து ஜாஸ் சாயலில் பாடியபோது, அந்தப் பாட்டுகள் இந்நாட்டின் ஸ்டாண்டர்டுகளாக நிமிர்ந்து நின்றன. தமிழ்ப் பக்கம் இது இன்னும் நடக்கவில்லை என்பது வருத்தம்தான். தோட்டத்து வானொலிகளில் எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் ஒலிக்காத நாள் கிடையாது. மேடையில் அந்தப் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடினால்தான் கைதட்டல். மூலத்திலிருந்து ஒரு சங்கதி விலகினாலும் முகம் சுளிக்கிறார்கள். விஸ்வநாதனின் மெட்டுகள் அத்தனை பலவீனமானவை அல்ல. பதினொன்று தாளத்தில் போட்டாலும், பாதியை மறைத்து வாசித்தாலும், எலும்பு தெரியும்படி நிற்கக்கூடியவை. கித்தார், பாஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் கூடி, நான்கு பழைய பாட்டும் இரண்டு சொந்த மெட்டும் பதிவு செய்ய இந்தக் காலத்தில் பெரிய முதல் எதுவும் தேவையில்லை.

ஐயர், கிரம்ப், கில்மோர் மூவரும் 2012-ல் ‘அக்செலராண்டோ’ என்று இன்னொரு தொகுப்பு தந்தார்கள். அதிலும் இதே முறைதான். மைக்கேல் ஜாக்சன் பாடிப் புகழ்பெற்ற ‘ஹியூமன் நேச்சர்’, ஃப்ளையிங் லோட்டஸின் மின்னணு இசை, ஹென்றி த்ரெட்கில், ஹெர்பி நிக்கல்ஸ், கடைசியில் டியூக் எலிங்டன், நடுநடுவே ஐயரின் சொந்த உருப்படிகள். மெருகு அதில்தான் அதிகம். ஆனாலும் முதலில் கேட்க வேண்டியது ‘ஹிஸ்டாரிசிட்டி’யே. அதையும் வரிசைப்படி தொடங்க வேண்டாம். ‘கலாங்’, பிறகு ‘மிஸ்டிக் ப்ரூ’, பிறகு ஒலியைக் கொஞ்சம் கூட்டி ‘டோகான் ஏ.டி.’. அதன் பிறகு தலைப்பு இசைக்குத் திரும்பினால், முதலில் மூன்று பேர் மூன்று பக்கம் இழுப்பதாகத் தோன்றிய இடத்தில் அந்த ஒற்றைத் துடிப்பு தானாகக் காதில் விழும்.